படிக்கட்டுக்கு எத்தனை விளக்கு

ரோஜர்ஸ் சிட்டி, மிச்சிகன்
1971 ஆகஸ்ட் 19

கஸ்,

புது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. சுவர்களுக்கு இப்போதைக்கு மரச்சட்டம் மட்டும்தான். எலக்ட்ரீஷியன் ஆர்வில் வயர் இழுக்க வந்துவிட்டான். எந்த அறையில் எங்கே பாயிண்ட், எந்தச் சுவரில் சுவிட்ச், விளக்கு கூரையிலா சுவரிலா என்று எல்லாவற்றையும் நான் சொல்ல வேண்டுமாம். பலகை அடித்து மூடிவிட்டால் அப்புறம் சுவரை உடைத்துத்தான் வயர் போட முடியும் என்று வேறு பயமுறுத்துகிறான். நீயோ மார்ச்சில் கப்பல் ஏறினாய், டிசம்பரில்தான் இறங்குவாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். நான் கட்டிக்கொண்டது உன்னையா, தபால்காரரையா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

தயவுசெய்து ரேடியோ போனில் கூப்பிட்டு இதைப் பேசாதே. ஏரியில் ஓடுகிற அத்தனை கப்பலும் ஒட்டுக் கேட்கும். ஸ்டெல்லா தன் புருஷனிடம் மூலத்துக்கு மருந்து போட்டாயா என்று கேட்டதை டுலூத்திலிருந்து பஃபலோ வரைக்கும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நமக்குக் கடிதமே போதும்.

என் யோசனை இது. சமையலறை மேஜைக்கு மேலே, இழுத்தால் இறங்கி, தள்ளினால் ஏறுகிற தொங்கு விளக்கு. ஆல்பீனா கடையில் இளஞ்சிவப்புக் கண்ணாடிக் குடை போட்டது ஒன்று பார்த்தேன், மனசு அங்கேயே நிற்கிறது. வரவேற்பறைக்கு மேஜை விளக்குகள். உள் நடைக்கு ஒரு சின்ன பல்பு. படிக்கட்டுக்கு விளக்கே வேண்டாம். உனக்குத்தான் வெளிச்சம் ஆகாதே. சுக்கான் அறையை இருட்டாக வைத்தே பழகின ஆண்பிள்ளைகள் இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான். உன்னை மாதிரி கேப்டனுக்கு அடுத்தபடியாகக் கப்பல் ஓட்டுகிற எந்த மேட் வீட்டில் இருட்டின பிறகு ஒழுங்காக விளக்கு எரிகிறது? கப்பலை விட்டு இறங்கி வந்த முதல் நாளே அறை அறையாகப் போய், "கண்ணைக் குத்துது பெர்னி, அணைச்சுத் தொலை" என்று ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டு வருவாய். இருட்டில் நாற்காலியில் முட்டிக்கொள்வது நான்.

என் தம்பி நார்பர்ட்டைப் பார்த்தால் வீட்டுக்கு எழுதச் சொல். ஒரே கப்பலில் நீ மேலே, அவன் என்ஜின் அறையில் கீழே. பார்த்துக்கொள்வதே அபூர்வம் என்று தெரியும். ஆனாலும் அவன் பெண்டாட்டி ரோஸ் மறுபடி உண்டாகியிருக்கிறாள், தினமும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறாள்.

பெர்னடீன்


டெட்ராய்ட் ஆறு, தபால் படகில் கொடுத்தது
ஆகஸ்ட் 28

பெர்னி,

படிக்கட்டுக்கு விளக்கு வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, திருப்பத்தில் ஒன்று. மேலேயும் கீழேயும் சுவிட்ச். பல்பு நூறு வாட்டுக்குக் குறையக் கூடாது.

உள் நடைக்கு டியூப் லைட், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பாதாள அறைப் படிக்குத் தனி விளக்கு, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைப் பெயின்ட். வாசலில் இரண்டு விளக்கு, கார் நிறுத்துகிற இடத்தில் ஒன்று. படுக்கை அறையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில் தரையோரம் அணையாமல் எரிகிற மாதிரி ஒன்று. சுவிட்சுக்குள்ளேயே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும் வகை இப்போது வருகிறது. எல்லா இடத்திலும் அதையே போடச் சொல்.

தொங்கு விளக்கு கூடாது, தலையில் இடிக்கும். மேஜை விளக்கும் வேண்டாம், வயர் காலில் தடுக்கும்.

வயசாகிறது. விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் உனக்குத்தான் வேலை. ஆர்விலிடம் அப்படியே சொல், ஏன் எதற்கு என்று என்னைக் குடையாதே. நார்பர்ட் நன்றாக இருக்கிறான்.

கஸ்


ரோஜர்ஸ் சிட்டி
செப்டம்பர் 9

கஸ்,

உன் கடிதத்தை ஆர்விலுக்குப் படித்துக் காட்டினேன். வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டு, "பெர்னி, இது வீடா, பேஸ்பால் மைதானமா? கஸ்தானா எழுதினான்? அவன் பெயரில் வேற யாராவது எழுதிட்டாங்களா?" என்றான். நானும் சிரித்தேன். டுலூத்தில் எவளோ ஒருத்தி உனக்கு வீட்டு அலங்காரம் சொல்லித் தருகிறாள் போலிருக்கிறது என்றுகூடக் கேலி பேசினேன்.

வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் சிரிப்பு நின்றது.

போன கிறிஸ்துமஸ் பூசைக்குக் காரை என்னை ஓட்டச் சொன்னாய். பனி வழுக்குகிறது, தோள் வலிக்கிறது என்றாய். வாழ்நாளில் என்னிடம் நீ ஸ்டீரிங்கைக் கொடுத்தவன் இல்லை. கோவில் வாசலில் ஸ்தனிஸ்லாவ் பக்கவாட்டில் நின்று கை நீட்டினான், நீ அவனைத் தாண்டிப் போய்விட்டாய். "மேட் ஆனதும் தலைக்கனம்" என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நாயை ஒரே வாரத்தில் எத்தனை தரம் மிதித்தாய்! பாவம், அது உன் காலடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். அப்புறம் காபி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாய். சூடு பார்க்கிறேன் என்றாய். நானும் நம்பினேன், மடச்சி.

சுற்றி வளைக்கவில்லை. இருட்டில் உனக்குக் கண் தெரிகிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

பெர்னடீன்


சுப்பீரியர் ஏரி
செப்டம்பர் 18

பெர்னடீன்,

தெரிகிறது. நீ கேட்ட ஒரு வார்த்தை.

இனி நான் சொல்வதைக் கேள். போன வருஷம்தான் லைசென்ஸ் புதுப்பித்தேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்தேன். சிவப்பு, பச்சை எல்லாம் பிசகாமல் சொன்னேன். டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்தார். அவருக்குத் தெரியாதது துணி மடிக்கிற உனக்குத் தெரிந்துவிட்டதா?

ஒரு மேட்டின் கண்ணைப் பற்றிக் காகிதத்தில் எழுதுவது என்றால் என்னவென்று தெரியுமா? இந்தக் கப்பலில் தபால் பை சாப்பாட்டு மேஜையில் கொட்டப்படுகிறது. எவனாவது பிரித்துப் படித்திருந்தால்? உன் கடிதத்தைக் கிழித்து என்ஜின் அறை அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னொரு தரம் இதை எழுதினால் பிரிக்காமலே போடுவேன்.

ஸ்தனிஸ்லாவ் கையை நான் பார்த்தேன். அவனுக்குக் கை கொடுக்கப் பிடிக்கவில்லை. விளக்கை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

கஸ்


ரோஜர்ஸ் சிட்டி
செப்டம்பர் 27

கஸ்,

டாக்டரின் அறையில் பட்டப்பகல் வெளிச்சம். நான் கேட்டது இருட்டை.

நார்பர்ட் டொலீடோவிலிருந்து ரோஸுக்குப் போன் செய்தான், என்னிடமும் பேசினான். நான் ஒன்றும் துருவவில்லை. கஸ் எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்டேன். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்காரு அக்கா. முந்தி மாதிரி வெளியில வந்து நிக்கிறதே இல்ல. ரேடார்லயே மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு இருக்காராம். சுக்கானுக்கு வைனோதான் வேணும்னு கேட்டு வாங்கிக்கிறாராம், வேற ஆளே ஆகாதாம். மேல இருக்கிற பசங்க வைனோவை மேட்டோட பொண்டாட்டின்னு கிண்டல் பண்றானுங்க." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நான் போனை ரோஸ் கையில் கொடுத்துவிட்டேன்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகாது, கஸ். நீ காலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை, சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை நிற்கிறாய். ஜூலையில் அந்த நேரமெல்லாம் வெளிச்சம், சமாளித்துவிட்டாய். காலண்டரை எடுத்துப் பார். நவம்பர் வந்தால் உன் முறை முழுக்க இருட்டு. காற்றும் அப்போதுதான் பேயாக வீசும். உனக்குப் பின்னால் அத்தனை பேர் உன் கண்ணை நம்பித் தூங்குவார்கள். அதில் என் தம்பியும் ஒருவன், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.

ஆர்விலை நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் எந்த அறையிலும் விளக்கு வைக்க மாட்டேன்.

பெர்னடீன்


டுலூத் துறைமுகம்
அக்டோபர் 6

பெர்னி,

இதைப் படித்ததும் எரித்துவிடு.

இரண்டு வருஷமாக இருக்கிறது. முதலில் கண்ணாடி அழுக்கு என்று நினைத்தேன், துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு பக்கவாட்டில் இருப்பதெல்லாம் போயிற்று. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பகலில் குழாய்க்குள் தெரிவது தெளிவாகத்தான் தெரிகிறது. பொழுது சாய்ந்தால் குழாய்க்குள்ளும் புகை. கிளீவ்லாந்தில் ஒரு டாக்டரிடம் பொய்ப் பெயர் சொல்லிக் காட்டினேன். மருந்து கிடையாது என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். கடையில் கணக்கெழுதுகிறேன் என்றேன்.

வைனோவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அவனாகக் கண்டுபிடித்தான். கண்ணில் படுகிற ஒவ்வொரு விளக்கையும் அவன் தனக்குள் பேசிக்கொள்வதுபோல வாய்விட்டுச் சொல்வான். "வலது பக்கம் பச்சை, மேட். ரொம்ப தூரம்." நான் ரேடாரில் சரிபார்த்துக்கொள்வேன். இந்த ஏரிகள் எனக்கு மனப்பாடம், பெர்னி. எந்த முனையில் எப்போது திரும்ப வேண்டும் என்பது கால் பாதத்துக்குத் தெரியும்.

இந்தப் பருவமும் அடுத்த பருவமும் முடிந்தால் முழு ஓய்வூதியம். இப்போது இறங்கினால் பாதி ஆளாக இறங்க வேண்டும். மேட்டாக இறங்கவும் முடியாது, கண் போனவன் என்றுதான் இறக்குவார்கள். இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஊரில் கடைக்காரனிடம் சில்லறை எண்ணி வாங்கத் தெரியாதவனாக உன் பின்னால் நடக்க வேண்டுமா?

என்னைக் காட்டிக் கொடுக்காதே. கையெடுத்துக் கேட்கிறேன்.

கஸ்


ரோஜர்ஸ் சிட்டி
அக்டோபர் 15

என் கஸ்,

எரித்துவிட்டேன். எரிப்பதற்கு முன்னால் அழுது தீர்த்தேன். இரண்டு வருஷம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை மென்று விழுங்கியிருக்கிறாய். என்னிடம் சொன்னால் என்ன? நான் என்ன ஊருக்குத் தமுக்கடித்திருப்பேனா? உன் கண்ணுக்காக அழுதேன், நீ தனியாக அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து பொய் சொன்னதற்காக அழுதேன். கோபத்திலும்தான் அழுதேன்.

ஆனால் நீ கேட்பதை நான் தர மாட்டேன்.

நீ உன் கண்ணை மட்டும் வைத்துச் சூதாடினால் நான் பேசாமல் இருப்பேன். ரோஸ் தினமும் சாயங்காலம் இங்கே வந்து உட்கார்கிறாள். பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, "கஸ் மேல இருக்காருங்கற தைரியத்துலதான் அண்ணி நான் தூங்குறேன்" என்றாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் இருப்பேன்? ஒன்று ஆகிவிட்டால், எனக்குத் தெரியும் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

வைனோ மனிதன். அவனுக்கும் சளி பிடிக்கும், தூக்கம் வரும். உன் கால் பாதத்துக்கு முனை தெரியும், எதிரே வருகிற கப்பல் தெரியுமா?

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் திருநாள் வரை பொறுக்கிறேன். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் நீயே கேப்டன் ஹால்வர்சனிடம் சொல்லிவிடு. அவர் நல்ல மனுஷர், நீ வாய் திறந்தால் மரியாதையோடு இறக்குவார். நீ சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியும்படி நான் செய்வேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

ஆர்விலிடம் வயர் இழுக்கச் சொல்லிவிட்டேன். நீ சொன்ன இடமெல்லாம், ஒன்று விடாமல்.

பெர்னி


ஹியூரான் ஏரி
அக்டோபர் 25

பெர்னடீன்,

மிரட்டல் கடிதம் கிடைத்தது. கெடு வைக்கிறாயா? இத்தனை வருஷம் என் கப்பல் சோற்றைத் தின்றுவிட்டு என் கழுத்துக்கே கயிறா?

நீ வாய் திறந்தால் நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன். ஒரு விளக்கைக்கூடப் பார்க்க மாட்டேன். இது வெறும் பேச்சில்லை. கப்பலை விட்டு இறக்கினால் எங்காவது துறைமுகத்தில் ஒரு அறை பிடித்துக் கிடப்பேன். உனக்கு உன் தம்பி போதும், புருஷன் எதற்கு?

உன் சாபமோ என்னவோ, வைனோவுக்குக் குடல்வால் வெடித்து ஆஷ்டபுலா ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டோம். சுக்கானுக்குப் புது ஆள். கெட்டிக்காரன், ஆனால் ஊமைக் கோட்டான், கேட்டால் ஒழியப் பேச மாட்டான். சமாளித்துக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் வரை ஓட்டிவிடுவேன்.

விட்டுவிடு, பெர்னி.

கஸ்


சூ செயின்ட் மேரி, ஆற்றோர விடுதி
நவம்பர் 8

பெர்னடீன்,

உனக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபரேட்டர் கூப்பிட்டபோது யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ரேடியோ போனைத் தொடவே மாட்டேன் என்கிறவள் நீ. ஒலிபெருக்கியில் உன் குரல் சுக்கான் அறை முழுக்க நிறைந்தது. "கஸ், ஆர்வில் நாளைக்குப் பலகை அடிக்கிறான். விளக்கெல்லாம் ஒருவாட்டி சரி பார்த்துடலாம். கேப்டன் பக்கத்துல இருக்காரா? அவரும் கேக்கட்டும், அவர் வீட்லயும் இப்பத்தானே விளக்கு மாத்துனாங்க."

நீ எங்கே வருகிறாய் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என்ன செய்வது? ஹால்வர்சன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்.

"படிக்கட்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, திருப்பத்துல ஒண்ணு. எல்லாம் நூறு வாட்டு. சரிதானே?" சரி என்றேன். "பாதாள அறைப் படி விளிம்புல வெள்ளைப் பெயின்ட். தொங்கு விளக்கு கூடாது, தலையில இடிக்கும். சுவிட்ச் இருட்டுல மின்னணும், இல்லேன்னா கைக்கு அகப்படாது. நடைக்கு முழுசா டியூப் லைட். எல்லாம் நீ சொன்னபடிதானே, கஸ்? நான் எதையும் கூட்டிச் சொல்லலையே?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? ஏரியே சிரித்தது. நீ வைத்ததும் ஒருவன் குறுக்கே வந்து, "மேட், உன் வீட்டைக் கலங்கரை விளக்கம்னு வரைபடத்துல போட்டுரலாமா?" என்றான். இன்னொருவன், "உங்க வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கணுமா?" என்றான். எங்கள் சுக்கான்காரன்கூடச் சிரித்தான், அந்த ஊமை.

ஹால்வர்சன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நாற்பது வருஷம் இருட்டில் நின்றவர். சுக்கான் அறைக்காரன் தன் வீட்டுக்கு இப்படி விளக்குக் கேட்க மாட்டான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "கஸ், கொஞ்சம் வெளியில வா" என்றார். கைப்பிடிக் கம்பியோரம் நின்றோம். "அதோ, முனைக்கு இடது பக்கம் ஒரு விளக்கு தெரியுது பார். சிவப்பா, பச்சையா?"

பச்சை என்றேன்.

"அங்க விளக்கே இல்ல, கஸ்" என்றார்.

எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மீதி நேரம் என் இடத்தில் அவரே நின்றார். மறுநாள், கப்பல்களை ஏரிக்கு ஏரி ஏற்றி இறக்குகிற சூ மதகில் என் பையைத் தானே தூக்கிவந்து கரையில் வைத்தார். கண் நோய், சிகிச்சைக்காக இறங்குகிறார் என்று கப்பல் பதிவேட்டில் எழுதினார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

நீ கேப்டனுக்கு நேராக எழுதியிருந்தால் நான் மறுத்திருப்பேன். என் பெண்டாட்டிக்கு மூளை பிசகிவிட்டது என்று சிரித்திருப்பேன். என் வாயாலேயே ஆமாம், ஆமாம் என்று சொல்ல வைத்தாய்.

சொன்னதைச் செய்கிறேன். வீட்டுக்கு வர மாட்டேன். எழுதாதே.

கஸிமிர்


ரோஜர்ஸ் சிட்டி
நவம்பர் 12

கஸ்,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் யார்? உன் பெண்டாட்டி.

தெரிந்தேதான் செய்தேன். கேப்டனுக்குக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன். காகிதத்தில் எழுதினால் அது கம்பெனி அலமாரியில் போய் உட்காரும், பெண்டாட்டியே காட்டிக் கொடுத்தாள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். ரோஸிடம் சொல்லலாமா என்று நினைத்தேன், வயிற்றுப்பிள்ளைக்காரி, வாய் வரவில்லை. கல்லறைக்குப் போய் உன் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. அந்தக் காற்றில் நீ எங்கே நிற்கிறாய், யார் உனக்கு விளக்கு சொல்கிறார்கள் என்று நினைத்தேன். வைனோவும் இல்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன்.

உன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? விளக்கைப் பற்றித்தான் பேசினேன். ஊர் சிரித்தது, சிரிக்கட்டும், பைத்தியக்காரி என்று என்னைத்தான் சிரித்தார்கள். ஒரே ஒருவருக்குப் புரிய வேண்டும், அவருக்குப் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. போனை வைத்த பிறகுதான் கோட்டைக் கழற்றினேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். "அங்க விளக்கே இல்ல" என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை எழுதின பிறகும் என்மேல் கோபப்பட உன்னால் முடிகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆர்வில் வேலையை முடித்துவிட்டான். எல்லா விளக்கும் நீ சொன்ன இடத்தில் இருக்கிறது. நேற்றுத் தனியாகப் போய் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு வெளிச்சம், கஸ்! ஒருத்திக்கு எதற்கு இத்தனை விளக்கு? எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. நீ வராத வீட்டில் அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நான் அங்கே வந்து உன்னை இழுத்துக்கொண்டு வர மாட்டேன். நீயாக வா.

பெர்னி


சூ செயின்ட் மேரி
நவம்பர் 20

பெர்னி,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இங்கே கண் டாக்டரிடம் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் காட்டினேன். கிளீவ்லாந்துக்காரர் சொன்னதையேதான் சொன்னார். நடுவில் தெரிகிற கொஞ்சம் பல வருஷம் நிற்கலாமாம். ஒரே இடத்தில் பளிச்சென்று எரிந்தால் கண் கூசி இன்னும் கெடுதல், எங்கும் ஒரே சீராகப் பரவின வெளிச்சம்தான் நல்லது என்றார். நூறு வாட்டுகளைக் கழற்றிவிட்டுப் பால் கண்ணாடி மூடி போட்ட விளக்காக வைக்கச் சொல். ஆர்வில் திட்டுவான், திட்டட்டும்.

நேற்றுச் சாயங்காலம் நம் கப்பல் டுலூத்திலிருந்து திரும்பி மதகில் இறங்குகிறது என்று விடுதிக்காரம்மா சொன்னாள். போகக் கூடாது என்று நினைத்தேன், கால் போயிற்று. மதகுக்குக் கீழே ஆற்றோரப் பூங்காவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றாக இருட்டிவிட்டது. என்னைப் போல இன்னும் சில பேர் நின்றார்கள். முன் விளக்கைத் தேடினேன். கிடைத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹார்ன் அடித்தது. மூன்று நெடியது, இரண்டு குட்டை. ஹால்வர்சன் யாருக்கும் அப்படிச் சும்மா சலாம் வைக்கிறவர் இல்லை. எனக்குத்தான் என்று தெரிந்தது. தொப்பியைக் கழற்றி அந்த விளக்கைப் பார்த்து ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்தில் நின்றவர் என் முழங்கையைத் தொட்டார். "யாருக்குங்க கை காட்டுறீங்க? அது எதிர்க்கரை ஆலை விளக்குல்ல? கப்பல் இந்தப் பக்கம் போகுதே." என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

அறுநூறு அடிக் கப்பல், பெர்னி. தலையிலிருந்து கால் வரை எல்லா விளக்கும் எரிந்துகொண்டு, கல்லெறி தூரத்தில் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்திலிருந்து நார்பர்ட், "கஸ்! கஸ்!" என்று கத்தினான். குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை. ஒரு விளக்கு தெரிந்தது, அப்புறம் ஒன்று, அப்புறம் எதுவும் இல்லை.

போன மாதம் இதே கண்ணை வைத்துக்கொண்டு அவனையும் தூக்கிக்கொண்டு நான் அதை ஓட்டினேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் குளிருகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ செய்தது சரி. கோபம் இன்னும் போகவில்லை, அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். புதன்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். இறங்குகிற இடத்துக்கு வா. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொள், ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

கஸ்